அஞ்சலாட்சி வைத்த ஆறாம் எண்

அஞ்சலாட்சியைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அவள் பொறுமையைத்தான் சொல்வார்கள். பொறுமையாவது, மண்ணாவது! பதினோரு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் நான். அவளுக்குக் கோபம் வந்தால் டைப்ரைட்டர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அவளிடம் இருந்தது பொறுமை இல்லை, பயம். நம்மால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதனால் என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன என்பதை இத்தனை நாள் நான் வெளியே சொன்னதில்லை.

என் பெயர் இராமதாஸ். புதுச்சேரியில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம். ரத்தத்தின் வகையைப் பார்ப்பது, நோயாளிக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது என் வேலை. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொள்வது அஞ்சலாட்சியின் வேலை. 1978இல் டைப்பிஸ்ட்டாக வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது.

அவள் அப்பா அம்மாவாசை பஞ்சாலைத் தொழிலாளி. அவர் வேலை பார்த்த மிஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒவ்வொரு ஷிப்டுக்காரனும் தன் வசதிக்குத் திருப்பிவிட்டுப் போவான். அஞ்சலாட்சிக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது ஒருநாள் காலை, முந்தைய ஷிப்டுக்காரன் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனது தெரியாமல் அம்மாவாசை மிஷினில் கை வைத்தார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"திருப்பினவன் மேல தப்பு இல்லண்ணே. அவனுக்கு அது வசதி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "எல்லாரும் திருப்புற மாதிரி வெச்சாங்க பாருங்க, அதான் தப்பு."

1984இல் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டாம் என்று கழித்ததை அங்கே குடியேறிய நம்மூர் டாக்டர் ஒருவர் கப்பலில் அனுப்பி வைத்தார். பீரோ அளவு பெட்டி, ஒரு திரை, ஒரு பிரிண்டர். அதை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டம்தான் விசேஷம். சாதாரணமாக அப்படிப்பட்டதை விற்கிறவர்கள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டமாட்டார்கள். இதில் ஆரம்பம் முதல் கடைசி வரை எழுதிய வரிகள் அத்தனையும் தாளில் அச்சடித்து ஏழு கட்டுகளாகக் கூடவே வந்திருந்தன. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் கைமாற்றிக் கைமாற்றி எழுதியதாம். பிடிக்காததை மாற்றிக்கொள், யாரையும் கேட்க வேண்டாம், நீ மாற்றியதை அடுத்தவனுக்கும் கொடு என்று முதல் தாளில் போட்டிருந்தது. நானும் வாழ்க்கையில் எத்தனையோ சாமான் வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு தாராளத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் அது பேசியது பிரெஞ்சு. ஒரு எழுத்துத் தப்பாக அடித்தால் திரையில் பிரெஞ்சில் ஒரு வரி வந்து விழும். எங்கள் அட்டெண்டர் மண்ணாங்கட்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். முதல் நாள் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, தொரை திட்டுறாரா?" என்றார்.

"ஆமாய்யா. உங்களத்தான்" என்றாள் அஞ்சலாட்சி.

அதைப் பழக்கிக் கொடுத்தவர் தணிகாசலம். லாஸ்பேட்டையில் குடியிருந்த காலேஜ் வாத்தியார். சாயங்காலம் ஸ்கூட்டரில் வருவார், ஏழு கட்டையும் மேஜையில் பரப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மனுஷனுக்கு அந்த மிஷின் என்றால் உயிர். யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படி மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்தார். பட்டியலைப் பெயர்வாரியாகப் பார்க்கலாம், தெருவாரியாகப் பார்க்கலாம், எந்தக் கட்டத்தில் எந்தச் சொல் இருந்தாலும் தேடி எடுக்கலாம். நாங்களும் காட்டுக்குள் விட்ட ஆடு மாதிரி மேய்ந்தோம். அந்த வருஷத்தோடு கையால் அட்டை எழுதுவதையும் நிறுத்திவிட்டோம்.

1986இல் ஒரு வியாழக்கிழமை எங்கள் கிளார்க் ஒருவன் லாஸ்பேட்டைக்காரர்களை மட்டும் பார்ப்பதற்காக எதையோ மாற்றி வைத்துவிட்டு, பழையபடி வைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் ஏ நெகட்டிவ் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. மண்ணாங்கட்டி தட்டிப் பார்த்தார். ஒரு பெயர்கூட வரவில்லை. "ஆள் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் கடலூர் வரை ஓடி எப்படியோ ரத்தம் தேடிக்கொண்டார்கள். எங்கள் பட்டியலில் பதினாறு பேர் இருந்தார்கள். அதில் நான்கு பேர் அடுத்த தெரு.

அன்றைக்கு அஞ்சலாட்சி டைப்ரைட்டரைத் தொடவே இல்லை. தணிகாசலம் வந்ததும் வராததுமாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இதை மூடிக் குடுங்க."

"எதம்மா மூடணும்?"

"எல்லாத்தையும். மிஷினைப் போட்டா அஞ்சே எண்ணு வரணும். ஒண்ணு அழுத்துனா பேர் சேர்க்கணும். ரெண்டு, வகை கேட்டு பட்டியல் குடுக்கணும். மூணு, பேரை வெச்சு ஆளைக் காட்டணும். நாலு, பிரிண்டு. அஞ்சு, நிறுத்துறது. மண்ணாங்கட்டி ஐயா கண்ண மூடிக்கிட்டு அழுத்தணும், தப்பு வரக்கூடாது."

தணிகாசலத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. "உலகத்துல எவனும் இப்படித் தொறந்து குடுக்க மாட்டான்மா. அதப் போயி பூட்டச் சொல்றியே" என்றார். பாவம், சொந்த வீட்டை இடிக்கச் சொன்னது போல இருந்திருக்கும் அவருக்கு.

"எல்லாரும் கை வைக்கிற எடத்துல யாருக்காவது கை போவுது சார்" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சரி என்று ஒத்துக்கொண்டார். செய்துகொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குதே. அதைப் பாக்கறதுக்கும் தேடறதுக்கும் ஆறாவதா ஒரு எண் வெச்சுடட்டுமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, குறிப்புல முக்கியமா இன்னாவாவது இருக்குதா?"

நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுல இன்னா இருக்குது? ஃபோன் இல்ல, பக்கத்து வூட்ல சொல்லவும், இந்த மாதிரிதான். ஒண்ணும் இல்ல, உட்டுடு" என்றேன்.

அப்படித்தான் ஐந்து எண்ணோடு நின்றது.

பூட்டைத் திறக்கிற பாஸ்வேர்டை அவள் கையில் கொடுக்கப் போனார் தணிகாசலம். வாங்க மறுத்துவிட்டாள். "எங்கிட்ட இருந்தா ஆளுக்கு ஒரு காரணம் சொல்லித் தொறக்கச் சொல்வாங்க. நானே ஒருநாள் தொறப்பேன்" என்றாள். எங்கள் ஊர் வழக்கப்படி, முக்கியமான காகிதம் என்றால் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிக் காக்கிற நோட்டரியிடம், கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனை வருஷம் ஆனாலும் பத்திரம், உயில் எல்லாம் எங்களுக்கு நொத்தேர் கையில் இருந்தால்தான் தூக்கம் வரும். ஸ்தாபனத்தின் செயலாளர் ஜானகிராமனே ஒரு நொத்தேர்தான். பாஸ்வேர்டை ஒரு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரண்டு சாட்சி இல்லாமல் திறக்கக் கூடாது என்று மேலே எழுதி, அவருடைய இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. ஒரு கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை உயில் மாதிரி பூட்டி வைத்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

ஐந்து எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒரு பிழை இல்லை. மண்ணாங்கட்டி ஒற்றை விரலால் அழுத்தி, பட்டியலைக் கிழித்து, ராஜா மாதிரி நீட்டுவார். நான்கூட அவளிடம், "நல்ல வேலை பண்ண அஞ்சலை" என்றேன். தணிகாசலம் மெட்ராசுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

1987 ஆகஸ்ட் பதினைந்து. சனிக்கிழமை. சுதந்திர தினம், மாதா கோயில் திருநாள், ஆசிரமத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டம் எல்லாம் சேர்ந்து ஊர் திமிலோகப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு முருகையன் என்பவர் ஒரு ஒயர் கூடையில் ஐஸ் பெட்டியையும் ரத்த மாதிரிக் குழாயையும் வைத்துக்கொண்டு வந்தார். மில்லில் வேலை போய் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடையில் நிற்பவர். அவர் மனைவி வசந்தாவுக்கு அன்று விடியற்காலையில் ஒரு நர்ஸிங் ஹோமில் பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

வசந்தாவின் ரத்தம் ஓ என்று காட்டியது. எங்களிடம் ஓ வகையில் ஆறு பை இருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஆறும் ஒத்துப்போகவில்லை. ஏழாவதாக என் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தேன், நானும் ஓ. அதுவும் திரிந்துபோயிற்று. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பம்பாய் வகை என்று ஒன்று உண்டு. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். பார்க்க ஓ மாதிரியே இருக்கும். ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிர் போய்விடும். அதே வகைக்காரர் கொடுத்தால்தான் உண்டு. வசந்தாவின் அண்ணன் ஒருவர் வந்திருந்தார், அவரையும் சோதித்தேன். இல்லை.

குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இந்த மாதிரி ஒரு குழாயை நான் ஏற்கெனவே பிடித்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு முகாமில் எடுத்த ரத்தம். ஓ அல்ல, பம்பாய் வகை, கவனம் என்று நானே மிஷினில் டைப் அடித்தேன். எங்கே? வகைக் கட்டத்தில் ஓ என்றுதான் போட முடிந்தது, அதனால் குறிப்பில்!

"அஞ்சலை, நம்ம பட்டியல்ல ஒரு ஆளு இருக்குறாரு" என்று கத்தினேன்.

"பேர் இன்னாண்ணே?"

பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. மிஷினில் இருக்கிறதே என்று மூளை அதைக் கைகழுவிவிட்டிருந்தது. அவள் இரண்டை அழுத்தினாள். ஓ வகையில் அறுநூற்று நாற்பது பெயர் வந்தது. பெயர், தெரு, வகை, அவ்வளவுதான். குறிப்பு வராது, மூன்றை அழுத்தினாலும் வராது. வராதபடி அவள்தான் பார்த்துக்கொண்டாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு மிஷினை நிறுத்திப் போட்டாள். ஐந்து எண். மறுபடி நிறுத்திப் போட்டாள். ஐந்து எண். தணிகாசலம் பூட்டைக் கச்சிதமாகப் போட்டிருந்தார். ஏழு கட்டும் பின்னால் அலமாரியில்தான் இருந்தன. மிஷினின் வயிற்றில் உள்ள ஒவ்வொரு வரியும் அதில் இருந்தது. திறக்கிற சொல் மட்டும் அதில் இல்லை.

மெட்ராசில் தணிகாசலம் வீட்டுக்கு அவசரத்துக்கான லைட்னிங் கால் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நொத்தேர் வீட்டுக்கு ஓடினேன். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணமாம், சாவி அவர் இடுப்பில். ஆம்புலன்ஸ் டிரைவர் கோவிந்தசாமி அவரைக் கூட்டிவரப் புறப்பட்டார். மணி பதினொன்று.

அந்த நான்கு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? அறுநூற்று நாற்பது பெயரையும் நான் பென்சிலோடு வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு பெயரும் அவர்தான் என்று தோன்றும், அடுத்த பெயரும் அப்படியே தோன்றும். முருகையன் பெஞ்சில் உட்கார்ந்து, ஐஸ் உருகி வழிகிற தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை மட்டும் கேட்டார்.

"ஆள் கெடைச்சுட்டாராம்மா?"

"இருக்குறாருங்க. உள்ளதான் இருக்குறாரு" என்று மிஷினைக் காட்டினாள் அஞ்சலாட்சி.

மூன்று மணிக்கு ஜானகிராமன் பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். வயசான மனுஷன், மூச்சு வாங்கியது. உறையை நீட்டி, "சாட்சியும் வேணாம் ஒரு எழவும் வேணாம், கிழிம்மா" என்றார். அவள் கிழித்தாள். சொல்லை அடித்தாள். குறிப்பில் தேடச் சொன்னாள். ஒரே ஒரு வரி வந்தது. கொளஞ்சி, பிள்ளையார் கோயில் தெரு, சேதராப்பட்டு. நான்கு விநாடிகூட ஆகவில்லை.

நான்கு மணி நேரம் காத்திருந்து நான்கு விநாடி! சே, இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கொளஞ்சி அந்த ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றுபவர். லீவு நாள் என்று கழனிக்குப் போயிருந்தார். சேற்றுக் காலோடு அப்படியே வண்டியில் ஏறி வந்தார். நாலரை மணிக்குக் கட்டிலில் படுக்க வைத்து ஊசி போட்டேன். பை பாதி ரொம்பியிருக்கும், ஃபோன் அடித்தது. அஞ்சலாட்சி எடுத்தாள். கேட்டாள். வைத்துவிட்டாள். முருகையன் எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கொளஞ்சிக்கும் புரிந்துவிட்டது. நான் ஊசியை எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க" என்றார். "ரொம்பட்டும். எங்கள மாதிரி இன்னொருத்தர் எங்கனா இருப்பாங்கல்ல."

நான்காம் நாள் முருகையன் மறுபடி வந்தார். அன்றைக்கு விட்டுவிட்டுப் போன ஐஸ் பெட்டி நர்ஸிங் ஹோமுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருந்தது. அஞ்சலாட்சி அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசல் வரை போனவரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்த ஆளோட பேர் காலையிலயே மிஷின்ல இருந்துச்சு. எடுக்க முடியாதபடி பூட்டுனது நான்தான். நீங்க தெரிஞ்சுக்கணும்."

முருகையன் வாசலில் திரும்பி நின்றார். பிறகு, "வேணும்னேவா பண்ணியிருப்ப?" என்றார்.

"யாரும் தப்பு பண்ணிடக்கூடாதுன்னு பண்ணேன்."

"நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கற. ஆனா எம்பொண்ணு பெரிசாயி கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவும் நடந்தபோது நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பூட்டியது அவள், குறிப்பில் ஒன்றும் இல்லை என்று சொன்னவன் நான். வாயைத் திறக்கவில்லை. கோழை. வேறு சொல் இல்லை.

அந்த வாரமே தணிகாசலம் வந்தார். ஐந்து எண்ணையும் பிரித்துப் பழையபடி திறந்துவிடப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் மாட்டேன் என்றாள். "அஞ்சும் அப்படியே இருக்கட்டும் சார். மண்ணாங்கட்டி ஐயாவுக்கு அது வேணும். ஆறாவதா ஒண்ணு வைங்க. அதை அழுத்துனா வெளிய வரணும், மிஷின் முழுசா தொறக்கணும். திரும்ப உள்ள வந்தா எல்லாம் பழையபடி ஆயிடணும். யாரு இன்னா மாத்தியிருந்தாலும் சரி."

தணிகாசலம் முதல் கட்டை அவிழ்த்தார். "இதை நாம மொதல்லயே பண்ணியிருக்கணும்மா" என்றார். இருவரும் அந்த ஏழு கட்டையும் பரப்பிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தார்கள். பூட்டே இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. அட்டையில் ஆறாவது வரியாக "வெளியே" என்று எழுதினாள். அதன் கீழே ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். திறப்பவர் பெயர், நேரம், எதற்காக என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. முதல் பக்கத்தில் முதல் வரியை அவளே எழுதினாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

1989இல் ஸ்தாபனம் புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று நினைத்தது. டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் வந்து திரையில் படம் படமாகக் காட்டினார். குழந்தைகூட ஓட்டும் என்றார். உண்மையிலேயே அழகாக இருந்தது. மண்ணாங்கட்டி வாயைப் பிளந்துவிட்டார். அஞ்சலாட்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல வெளிய வர வழி எங்க இருக்குது?"

"அது உங்களுக்கு எதுக்கு மேடம்? உள்ளே இருக்கறதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்றார் அவர்.

அவள் கயிற்றிலிருந்து நோட்டை அவிழ்த்து, முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை. அவளுடைய குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: "15.8.1987. காலை 10.30. திறக்க முடியவில்லை. வசந்தா, வயது 23. பூட்டியவள் அஞ்சலாட்சி."

விற்பனைக்காரர் படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விவரம் கேட்டுவிட்டுத் திரும்ப வருகிறேன் என்று எழுந்து போனார். வரவே இல்லை.

அவர் போனதும் நோட்டை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது. அதில், "குறிப்பில் ஒன்றும் இல்லை என்று சொன்னவன் இராமதாஸ்" என்று எழுதினேன். நோட்டை அவளிடம் தள்ளினேன்.

அவள் படித்தாள். மறுபடி கயிற்றில் கட்டி மாட்டினாள்.

"அந்த எடத்த உங்களுக்குத்தாண்ணே விட்டு வெச்சேன்" என்றாள்.